பெறாமகளின் பனியோட்டமும் என் பொறாமையும்

ரொறொன்ரோவில் நான் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது ஒரு தராசைப் பார்த்து. உள்ளங்கை அகல மின் தராசு. குசினி மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன்மேல் கோப்பையை வைத்து என் தங்கச்சியின் மகள் மதுரா புட்டு நிறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி கூடிப்போயிற்று. கூடியதை அள்ளித் திரும்பப் பாத்திரத்தில் போட்டுவிட்டு மறுபடியும் எண்ணைப் பார்த்தாள்.

“எடியே, புட்டை நிறுத்தா தின்னுறது? நகையா அது?” என்று கேட்டேன்.

“பெரியம்மா, ஃப்ரிட்ஜில ஒரு ஷீற் ஒட்டியிருக்குப் பாருங்கோ. எவ்வளவு சாப்பிடோணும் எண்டு நியூட்ரிஷனிஸ்ற் எழுதித் தந்தவ. சம்பல் மட்டும் அன்லிமிற்றட்,” என்றாள்.

பார்த்தேன். அந்தத் தாளில் உண்மையாகவே புட்டு என்று ஆங்கில எழுத்தில் அச்சடித்திருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரி உட்கார்ந்து எங்கள் குழல்புட்டின் மாச்சத்தைக் கணக்குப் பார்த்திருக்கிறாள். நான் ஓடிய காலத்தில் காலைச் சாப்பாடு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும். அதையும் யாரும் எண்ணவில்லை. என் வயிற்றில் சுருக்கென்றது. பசி என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் ஊர் பார்க்க வந்தவள் இல்லை. தங்கச்சி சுகந்திக்குத் தோள்மூட்டில் சத்திரசிகிச்சை. முதியோர் இல்லமொன்றில் கிழவர்களையும் கிழவிகளையும் தூக்கித் தூக்கியே தோள் தேய்ந்துவிட்டது. வலது கையைத் துணியில் தொங்கவிட்டபடி ஆறு கிழமை இருக்கவேண்டும். எனக்கோ மார்கழி விடுமுறை. மட்டக்களப்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் பீ.ரி. ரீச்சர் நான், விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டிப்போனவள். பிள்ளைகுட்டி இல்லை. மகள் என்று உரிமையோடு கூப்பிட எனக்கு இருப்பது இந்தப் பெறாமகள் ஒருத்திதான்.

விமான நிலையத்துக்கு என்னை ஏற்ற வந்தவர் தங்கச்சியின் கணவர் நகுலன். யாழ்ப்பாணத்து ஆள். மிசிசாகாவில் அதே விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில்தான் வேலை. “வாங்கோ மச்சாள். இந்தக் குளிருக்கு உந்தக் கோட் காணாது,” என்பதுதான் அவருடைய வரவேற்பு. காருக்குள் ஏறியதும் ஈரச் சப்பாத்து மணம் மூக்கில் அடித்தது. “கோவிக்காதேங்கோ. அது பிள்ளையின்ர ஸ்கேற் பாக். பதினொரு வருசமா இந்தக் கார் உப்பிடித்தான் மணக்குது,” என்றார். மகளின் பயிற்சிக்காகப் பதினொரு வருடமாக ஷிஃப்ற் மாற்றி மாற்றி வேலை செய்கிறாராம். சொல்லும்போது அவருக்கு அலுப்பு இல்லை, பெருமைதான்.

டோர்செட் பார்க் என்ற பகுதியில், பதினான்காவது மாடியில் வீடு. சாமித் தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பூமாலை இல்லை. மதுராவின் பதக்கங்களைத்தான் போட்டிருந்தார்கள். பிள்ளையாரின் தும்பிக்கைகூடத் தெரியவில்லை. எனக்கு ஒரு பதக்கம் கிடைத்தது, எண்ணூறு மீற்றரில். அது எங்கே கிடக்கிறதென்று எனக்கே தெரியாது.

அந்தக் கதையையும் சொல்லி முடித்துவிடுகிறேன். பத்தொன்பது வயதில் கொழும்பில் ஓடத் தெரிவானேன். போகவேண்டிய கிழமை யுத்தத்தில் பாதையைப் பூட்டிவிட்டார்கள். பாதை திறந்தபோது ஓட்டம் முடிந்திருந்தது. அவ்வளவுதான். இதைச் சொல்லி அழுகிற ஆள் நானில்லை. ஆனால் பத்தொன்பது வயதில் ஒருத்தி ஓடுகிறாள் என்றால் என் உதடு தானாகச் சுற்றுகளை எண்ணத் தொடங்கிவிடும். மதுராவுக்கு இப்போது பத்தொன்பது.

இரண்டாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவளோடு நானும் பனித்தளத்துக்குப் போனேன். குறுந்தடப் பனியோட்டம் அவளுடையது. ஐஸ் ஹொக்கி விளையாடுகிற அதே தளத்தில், முட்டை வடிவில் கறுப்புக் கட்டைகளை வைத்துச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புவார்கள். சுவரெல்லாம் மெத்தை. நான் பிள்ளைகளை ஓடவிடுகிற மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்குமேல் மாடு படுத்திருக்கும். விசில் ஊதினாலும் எழும்பாது. இங்கே விழுந்தால் மோதுவதற்கே மெத்தை போட்டு வைத்திருக்கிறார்கள்.

மதுரா ஒரு வாங்கில் உட்கார்ந்து பனிச் சப்பாத்துகளின் அடியிலுள்ள கத்திகள் இரண்டையும் இரும்புச் சட்டமொன்றில் தலைகீழாகப் பூட்டினாள். கல்லை வைத்து நீளவாக்கில் இழுத்தாள். இழுத்து, நகத்தில் உரசிப் பார்த்து, மறுபடியும் இழுத்தாள். “என்னட்டத் தா, நான் தேய்ச்சுத் தாறன்,” என்றேன். “நோ பெரியம்மா, கோச்சையும் தொட விடுறேல்ல நான்,” என்றாள். இடதுகைக் கையுறையின் விரல் நுனிகளில் கெட்டியாக ஏதோ வார்த்திருந்தது. வளைவில் சரியும்போது அந்தக் கையைப் பனியில் ஊன்றவேண்டுமாம். சப்பாத்துப் பெட்டியின் மூடிக்குள் ஒரு துண்டு நாடா ஒட்டியிருந்தது. அதில் ஒரு பெயரும் ஓர் ஓட்ட நேரமும். நொயெமி என்று வாசித்தேன். “சினேகிதியா?” என்று கேட்டேன். அவள் தலைக்கவசத்தைப் போட்டாள்.

அவள் ஓடினாள். ஐயோ, அது ஓட்டமா! உடம்பை மடித்து, முகம் முழங்காலுக்கு வர, ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு, வளைவில் விழப்போகிறாள் விழப்போகிறாள் என்று நான் வாங்கை இறுக்கிப் பிடிக்க, விழாமல் போய்க்கொண்டே இருந்தாள். கத்தி பனியைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு தொடரும் முடிந்ததும் பயிற்சியாளர் அவளுடைய காதில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துக் கருவியில் பார்த்தார். உடம்பு எவ்வளவு களைத்திருக்கிறது என்று இரத்தம் சொல்லுமாம். நான் களைத்து விழுந்தால் எங்கள் ரீச்சர் சொன்னது, “எழும்படி, நடிக்காத.”

எனக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக்காரப் பெற்றோர் கோப்பிக் கோப்பையோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம் என்றாலும் இது விளங்கியது. “அந்தப் பிள்ளை புறப்படுகிறதைப் பார். யாரோ துரத்துகிறமாதிரி,” என்றாள் பெண். “என் மகளை யாரும் துரத்துகிறதில்லை. அதுதான் பிரச்சினை,” என்றார் மற்றவர். எனக்குச் சிரிப்பு வந்தது. பொறாமை எனக்கு மட்டுமில்லை என்று ஒரு நிம்மதியும் வந்தது.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. மதுராவின் காலைத் தட்டி, “அம்மாடி, என்ன தொடையடி உனக்கு! இந்தத் தொடை எனக்கு இருந்திருந்தா நான் எங்கயோ போயிருப்பன்!” என்று சொல்லிவிட்டேன். தங்கச்சியின் முகம் சட்டென்று மாறியது. “தூ, தூ,” என்று தரையைப் பார்த்துத் துப்பினாள். நான் பகிடியாக எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரப் பயிற்சியில் மதுரா விழுந்தாள். இடுப்பில் கத்தரிக்காய் நிறத்தில் கண்டல். எலும்புக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது வீடே அலறியது. ஈரத் தலையோடு ஓடிவந்து பார்த்தால் கூரையில் பொருத்திய புகைக் கருவி கத்துகிறது. தங்கச்சி இடதுகையால் துவாயை வீசிக்கொண்டு நிற்கிறாள். அடுப்பில் இரும்புச் சட்டி. அதற்குள் உப்பும் செத்தல் மிளகாயும் வெங்காயத் தோலும் கருகிக்கொண்டிருந்தன. நான் கதிரையில் ஏறி நின்று கருவியின் பொத்தானை அழுத்தினேன்.

“என்னகா இது?” என்று கேட்டேன்.

“கறிக்குத் தாளிச்சனான்.”

அங்கே கறியே இல்லை. நாவூறு கழித்திருக்கிறாள் என்று விளங்காமலிருக்க நான் என்ன வெள்ளைக்காரியா? மிளகாய் எரிந்தும் தும்மல் வராவிட்டால் கண் பட்டது உண்மை என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. எங்கள் இருவருக்கும் தும்மல் வரவில்லை. கருவிக்குத்தான் காரம் ஏறியிருந்தது. “யாரின்ர கண்?” என்று கேட்டேன். “ஊர்க் கண்தான் அக்கா,” என்றாள் சட்டியைக் கழுவியபடி. நானும் பெரிதாக யோசிக்கவில்லை. ஊர்க் கண் பட்டிருந்தால் நியாயந்தானே, அப்படி ஓடுகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு நாட்கள் சமையலில் போயின. தங்கச்சிக்குக் குளிக்க வார்ப்பேன், தலை பின்னிவிடுவேன், சுறா வறை வறுப்பேன். அஜக்ஸில் இருக்கும் எங்கள் சித்தப்பாவின் மகள் ராதா தினமும் தொலைபேசியில் வந்து, “அக்கா, எங்கட வீட்டுக்கு எப்ப வாறியள்? இஞ்ச முற்றம் இருக்கு, கராஜ் இருக்கு,” என்பாள். மலிவாக வீடு கிடைத்ததென்று அங்கே போனவள். எனக்கு அவளுடைய கராஜில் பொறாமை வரவில்லை. பொறாமைக்கும் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது.

மதுராவைப் பார்க்கும்போது மட்டும் எனக்குள் ஒன்று கொதிக்கும். அவள் தூங்குவதற்கு ஒரு நேரம், எழும்புவதற்கு ஒரு நேரம். அவள் தூங்கினால் வீட்டில் தொலைக்காட்சி ஊமை. நகுலன் நுனிக்காலில் நடப்பார். அவள் சினேகிதிகளின் பிறந்தநாளுக்குப் போவதில்லை, கொத்துரொட்டி தொடுவதில்லை, கோயில் திருவிழாவுக்குக்கூட முகத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடுவாள். பாவம் என்று சொல்லலாம். எனக்குப் பாவமாகத் தெரியவில்லை. ஒரு வீடு முழுக்க ஒருத்தியின் காலுக்காக மூச்சுவிடுகிறது. அப்படி ஒரு வீடு எனக்கு வாய்த்திருந்தால் பிறந்தநாள் என்ன, கலியாணமே வேண்டாம் என்றிருப்பேன்.

“உன்ர பெரிய போட்டி எப்ப?” என்று ஒருநாள் கேட்டேன். மதுரா வாயைத் திறக்கமுன் தங்கச்சி முந்திக்கொண்டாள். “அது தை மாசம் கடைசியில அக்கா. நீ போனபிறகுதான்.” மதுரா புட்டைப் பார்த்தபடி இருந்தாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்தப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மொன்றியலில் தேசிய அணியோடு பயிற்சி. வராவிட்டால் மறுபடியும் ஒரு வருடம் காத்திருப்பு. அவளுக்குப் பின்னால் பதினாறு வயதுப் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றும், இந்த முறை விட்டால் பிறகு கஷ்டம் என்றும் நகுலன் காரில் சொல்லியிருந்தார்.

மூன்றாம் கிழமை வியாழக்கிழமை தனியாக பஸ் ஏறினேன். மிளகாய்த்தூளும் கருவாடும் வாங்கவேண்டும். பஸ் கண்ணாடியெல்லாம் பனி மூடி வெளியே ஒன்றும் தெரியவில்லை. எல்லா நிறுத்தமும் ஒரே வெள்ளை. இறங்கவேண்டிய இடத்தை விட்டுக் கடைசித் தரிப்பிடம்வரை போய்விட்டேன். சாரதி திரும்பிப் பார்த்து, “அம்மா, இதற்கு அங்கால் பாதை இல்லை,” என்றார். “திரும்பிப் போவீங்கள்தானே?” என்றேன். சிரித்துவிட்டு, “இருங்கள்,” என்றார். மட்டக்களப்பு பஸ்ஸாக இருந்திருந்தால் கொண்டக்டர் என் வம்சத்தையே விசாரித்திருப்பான். திரும்பும் வழியில் பஸ் அட்டையைக் கோட்டுக்குள் தேடும்போது கோட்டை இழுத்துப் பூட்டுகிற சிப் பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடை. உள்ளே தொப்பி போட்ட ஒருவர் மெஷினில் இருந்தார். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எந்த ஊரு?”

“மட்டக்களப்பு.”

“அட! நான் காத்தான்குடி. இரிங்க, இரிங்க. தேத்தண்ணி ஊத்துறன்.”

பக்கத்து ஊர்க்காரர். அதற்குமேல் அவர் எனக்கு அண்ணன் முறையில் நானா. அரைமணி நேரத்தில் நாங்கள் ஒரே கடலில் குளித்தவர்கள் ஆகிவிட்டோம். இங்கே ஏன் வந்தேன், யார் வீட்டில் நிற்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“அந்தப் பனியோட்டக்காரப் புள்ளைக்குப் பெரியம்மாவா நீங்க? இந்தா, அவட சட்டதான் இது!” மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கிய, உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் ஒட்டுடையை எடுத்துக் காட்டினார். “இதுக்கும் சிப்தான். வெள்ளிக்கெழம தந்தே ஆகணும் எண்டு தாய் சொல்லியிரிக்கா. சனிக்கெழம ஓட்டமெல்லவா. நீங்க போறீங்கதானே?”

நான் வாயில் வைத்த தேத்தண்ணியை விழுங்காமல் இருந்தேன்.

“எந்தச் சனிக்கிழமை நானா?”

“நாளக்கழிச்சு.” சொன்னவர் என் முகத்தைப் பார்த்தார். ஒட்டுடையை மெல்லத் திரும்பத் தொங்கவிட்டார். “ஒருத்தருக்கும் சொல்லாதீங்க எண்டுதான் சொன்னவ. நீங்க ஊட்டாக்கள்தானே எண்டு நெனச்சன். மன்னிச்சிக்கங்க.”

சிப்புக்கு அவர் காசு வாங்கவில்லை.

சனிக்கிழமை என்னை அஜக்ஸுக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. நகுலன் ரயிலில் ஏற்றிவிடுவார், ராதா வந்து கூட்டிப்போவாள், ஞாயிறு பின்னேரம் திரும்பலாம். கிழமையின் தொடக்கத்திலேயே தங்கச்சி முடிவு பண்ணிவிட்டாள். “கொஞ்சம் ரெஸ்ற் எடு அக்கா,” என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாள்! பஸ்ஸில் வீடு திரும்பும்போது எல்லாம் ஒவ்வொன்றாகப் பொருந்தியது. தூ தூ என்று துப்பியது, செத்தல் மிளகாய், தை மாதம் கடைசி. ஊர்க் கண் என்று அவள் சொன்ன கண் என் முகத்தில்தான் இருந்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பத்தாயிரம் மைல் பறந்துவந்து இவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன், நான் கண்வைக்கிற சூனியக்காரியா? வீட்டுக்குள் நுழைந்ததும் கருவாட்டுப் பையை மேசையில் போட்டேன். தங்கச்சி ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“சனிக்கிழமை ஓட்டமாம்.”

வெங்காயம் கையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

“என்னட்ட மறைக்கிற அளவுக்கு நான் என்னகா செய்தன்?”

“அக்கா, நீ ஒண்டும் செய்யேல்ல.” அழத் தொடங்கிவிட்டாள். “நீ நல்லவ. நீ எனக்கு அம்மா மாதிரி. ஆனா நீ அவளைப் பாக்கிற பார்வை... நீ சொன்ன அண்டைக்கே விழுந்தாள். பதினொரு வருசம் அக்கா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் தானே எண்டு நினைச்சன்.”

நான் மறுத்திருக்கலாம். ‘போடி விசரி, கண்ணும் மண்ணும்’ என்று ஏசியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் வேறொன்றுதான் வெளியே வந்தது.

“ஓம். எனக்குப் பொறாமைதான்,” என்றேன். “அவள் புட்டு நிறுக்கிறதிலயும் பொறாமை. நகுலன் கார் ஓடுறதிலயும் பொறாமை. அவளின்ர காதில குத்துற ஊசியிலயும் பொறாமை. என்ன செய்யச் சொல்லுறாய்? கண்ணைத் தோண்டிப் போடவா?”

இப்படி உரக்கச் சொன்னது அதுதான் முதல்தடவை. தங்கச்சி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் குசினி வாசலில் மதுரா நிற்பதைக் கண்டேன். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது.

“குட்,” என்றாள்.

“என்னடி குட்?”

அவள் வந்து வெங்காயத்தை எடுத்து மேசையில் வைத்தாள். “பெரியம்மா, நான் ஏன் நாலரைக்கு எழும்புறன் எண்டு நினைக்கிறீங்கள்? கனடாக் கொடிக்கா? அம்மாவுக்கா? இன்ரவியூவில அப்பிடித்தான் சொல்லுவன். ஆனா, லைக், உண்மையா? அந்தப் பெட்டிக்குள்ள பெயர் பாத்தீங்கள்தானே. நொயெமி. பன்னிரண்டு வயசில இருந்து அவள் எனக்கு முன்னால. அவளின்ர முதுகு எனக்கு அவ்வளவு நல்லாத் தெரியும். ஐ கான்ற் ஸ்ராண்ட் இற். எனக்குக் காய்ச்சல் எண்டாலும் அவள் இப்ப ஐஸில நிற்பாள் எண்டு நினைச்சா எழும்பிடுவன்.”

“அது போட்டி மகள். பொறாமை வேற,” என்றாள் தங்கச்சி.

“இல்லம்மா, சேம் திங்.” என் பக்கம் திரும்பினாள். “நீங்கள் பாக்கிற பார்வையை நான் முதல் நாளே கண்டனான். உங்கட வாய் அசைஞ்சது, சுத்து எண்ணினீங்கள். அப்பா நான் விழக்கூடாது எண்டு பாப்பார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருப்பா. நீங்கள் மட்டும்தான் நான் ஓடுறதைப் பாத்தனீங்கள். சனிக்கிழமை வாங்கோ. எனக்கு முன்னால இருந்து நல்லாப் பொறாமைப்படுங்கோ.”

தங்கச்சி வெங்காயத்தை எடுத்து மறுபடியும் உரிக்கத் தொடங்கினாள். நான் ராதாவுக்குத் தொலைபேசி எடுத்து வரவில்லை என்று சொன்னேன்.

சனிக்கிழமை நகரத்தின் மேற்கே ஒரு பனித்தளம். நெடுஞ்சாலையில் உப்புத் தூவியிருந்தார்கள். மதுரா காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். உள்ளே கதிரைகளில் நூறுபேர் இருக்கும். முன்வரிசையில் நான், பக்கத்தில் தங்கச்சி, அவளுக்கு அங்கால் நகுலன். நொயெமியையும் பார்த்தேன். ஒல்லியான பெண். கொட்டாவி விட்டுக்கொண்டு சப்பாத்துக் கட்டினாள். எனக்கே அவள்மீது கோபம் வந்தது.

முதல் கட்ட ஓட்டம் மதுராவுக்கு இலேசாகப் போயிற்று. அரையிறுதியில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவள் உள்பக்கத்தால் இரண்டாம் இடத்துக்கு ஏறினாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் நான்கு சுற்று. அவளுடைய இடதுகை பனியைத் தொட்டுத் தொட்டுப் போனது. கடவுளே, எவ்வளவு வடிவு என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த வடிவோடு சேர்த்து, இது நானாக இருந்திருக்கலாம் என்றும் நினைத்தேன். அந்த நொடியில் பின்னால் வந்த ஒருத்தி நிலைதடுமாறி மதுராவின் காலில் மோதினாள். இருவரும் சுழன்றுபோய் மெத்தையில் அடிபட்டார்கள்.

சனம் ஓவென்றது. நகுலன் எழும்பி நின்றார். தங்கச்சி பனியைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

மதுரா எழும்பினாள். நொண்டவில்லை. நடுவர்கள் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மற்றவள் மோதியதால் விழுந்தவளை இறுதிக்கு எடுத்துவிடலாம் என்று ஒரு விதி இருக்கிறதாம். நகுலன் கையைக் கூப்பிக்கொண்டு அதைச் சொன்னார். நீண்ட நேரத்துக்குப் பிறகு ஒலிபெருக்கி மதுராவின் பெயரைச் சொன்னது. இறுதியில் அவளும் ஓடலாம். நகுலன் அழுதார். நான் எழும்பினேன்.

“எங்க போறீங்கள் மச்சாள்?”

“வாறன்,” என்றேன். தங்கச்சி காலை மடக்கி எனக்கு வழி விட்டாள். இரு என்று சொல்லவில்லை.

வெளியே வந்து கட்டடத்தின் பின்சுவர்ப் பக்கம் நின்றேன். முகத்தில் காற்று அறைந்தது. கண்ணூறில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. பிள்ளைகளுக்குப் பாடசாலையில் அது மூடநம்பிக்கை என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அவளுடைய பதினொரு வருடத்தைப் பணயம் வைத்து அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

பனித்தளத்தை வழித்துத் துடைக்கும் வண்டியின் சாரதி பக்கக் கதவால் வெளியே வந்து கோப்பி குடித்தார். “உள்ளே உங்கள் பிள்ளை ஓடுகிறாளா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “பிறகு இங்கே என்ன செய்கிறீர்கள்?” என்றார். காற்று வாங்க வந்தேன் என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, “நான் இந்த ஓட்டத்தைத் தவறவிடமாட்டேன்,” என்று கோப்பியை ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே ஓட்டம் தொடங்கும் துப்பாக்கி வெடித்தது. பதின்மூன்றரைச் சுற்று. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன், எதை வைத்து எண்ணினேனோ. சனம் இரைந்து அடங்கி இரைந்தது. மணி அடித்தது. கடைசிச் சுற்று. அதன்பிறகு எழும்பிய கூச்சலில் எந்தப் பெயரும் கேட்கவில்லை. உள்ளே ஓடிவிடலாம், இன்னும் சில நொடி இருக்கிறது, கதவு பத்தடிதான். என் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் தங்கச்சி. “அக்கா! மூண்டாவது! கத்தி நுனியால அக்கா! படம் பாத்துத்தான் சொன்னவங்கள்! நொயெமி ரெண்டாவது. இன்னும் ரெண்டு முழம் இருந்திருந்தா அவளையும் பிடிச்சிருப்பாள்!” ஒற்றைக் கையால் என்னைக் கட்டிப்பிடித்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். “நீ எழும்பிப் போனியே அக்கா, அப்பவே எனக்கு நெஞ்சு ஆறிட்டுது. இனி ஒண்டும் ஆகாதெண்டு தெரியும். நீ போனபடியாத்தான். உனக்கு நான் என்ன கைமாறு செய்யப்போறன்!”

அவள் நன்றி சொல்கிறாள். மனசு நிறைந்து சொல்கிறாள். நான் என்ன சொல்லமுடியும்? இல்லையடி, அது அவளுடைய கால், அவளுடைய ஓட்டம் என்று சொன்னால் கேட்பாளா? நானே அல்லவா எழும்பிப்போய் அவளுக்குச் சாட்சி சொல்லிவிட்டேன். “சரி சரி, தோள் நோகும், விடு,” என்றேன்.

உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. நகுலன் கையால் அந்த வளைவைக் காட்டிக்காட்டி எனக்கு விளக்கினார். அஜக்ஸிலிருந்து ராதா எடுத்து, இணையத்தில் நேரடியாகப் பார்த்தேன் என்று கத்தினாள். வண்டிச் சாரதி என்னைக் கடந்து போகும்போது பெருவிரலை உயர்த்திக் காட்டினார். ஓட்டத்தைப் பார்த்த அந்த மனிதர்மேல் எனக்கு வந்த பொறாமையை எந்த நாட்டுச் சாமியும் மன்னிக்காது.

மதுரா தலைக்கவசத்தைக் கழற்றியபடி வந்தாள். “பெரியம்மா, எங்க போனீங்கள்? ஸ்ரார்ட் லைனில நிண்டு உங்களைத் தேடினனான்.” தங்கச்சி முந்தி, “பெரியம்மாவுக்குத் தலைசுத்து மகள்,” என்றாள். மதுரா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “நல்லா ஓடினியாம்,” என்றேன். அவளுக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும்.

வீடியோ இருக்கிறது. தொலைபேசிக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் இன்னும் திறக்கவில்லை. முடிவு தெரிந்த ஓட்டத்தைப் பார்ப்பது எனக்குச் சரிவராது.

ஆறாம் கிழமை தங்கச்சியின் கட்டை அவிழ்த்தார்கள். நான் புறப்படும் நாளில் மூன்றுபேரும் விமான நிலையத்துக்கு வந்தார்கள். தங்கச்சி குணமான கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். மதுரா என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனவள் திரும்பி நின்றாள்.

“அடுத்த வின்ரர் எனக்கு மொன்றியலில ரேஸ் இருக்கும் பெரியம்மா. இப்பவே லீவு கேட்டு வையுங்கோ. ஃப்ரண்ட் சீற். தலைசுத்தினாலும் எழும்பக்கூடாது. புரொமிஸ்?”

என் முழங்கையில் தங்கச்சியின் விரல்கள் இறுகின.

“எனக்கெதுக்கடி இந்தக் குளிரும் பனியும்? ஒருதரம் காணும்,” என்றேன். “நீ ஓடு மகள். நான் அங்க இருந்து உனக்கு விளக்கு வைக்கிறன்.”

முழங்கையில் இருந்த பிடி தளர்ந்தது.